அரக்கு வைத்த ஆட்டம்

எங்கள் முதலாளி சிவப்பு அரக்குக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி, ஒரு டிவி கேம் கேட்ரிட்ஜின் மேல் சொட்டவிட்டு, தன் முத்திரையை அழுத்தினார். உள்ளங்கை அளவு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா அது. அதற்குள் ஒரு சில்லு. அந்தச் சில்லுக்குள் நாங்கள் ஏழு மாதம் உட்கார்ந்து எழுதிய விளையாட்டு. டப்பாவைச் சுற்றி நூல் கட்டி, நூலின் முனையில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். 'ஒப்புக்கொள்ளப்பட்ட சாம்பிள்' என்று அதில் எழுதி, தேதி போட்டு, சென்னையிலிருந்து வந்திருந்த நிறுவனத்துக்காரரிடம் கையெழுத்தும் வாங்கினார். எதற்கு இந்தச் சடங்கு என்று அந்த மனிதருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே போட்டார். திருப்பூர்க்காரர்களான எங்கள் யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர், ஒப்புக்கொண்ட பனியனை இங்கே அப்படித்தான் பூட்டி வைப்பார்கள். அதற்குப் பிறகு தைக்கும் ஒவ்வொரு பனியனும் அந்த ஒன்றைப் போலவே இருக்க வேண்டும்.

நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள். டி-சர்ட்டில் போடும் எம்ப்ராய்டரிக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் அமைத்துக் கொடுக்கும் அவருடைய கூடத்தில் அப்போது ஒன்றரை வருடம் வேலை பார்த்திருந்தேன். அவரையும் சேர்த்து ஆறு பேர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டிவியில் செருகி விளையாடும் பெட்டிகளை விற்றுவந்த ஒரு நிறுவனம், வெளிநாட்டு ஆட்டங்களையே எத்தனை நாளைக்கு விற்பது என்று யோசித்து, ஆட்டம் எழுதத் தெரிந்த கூடங்களை இங்கேயே தேடிக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனிகள் சரிப்படாது, ஒற்றை ஆளை நம்பவும் முடியாது. சொந்தக்காலில் நிற்கிற, ஐந்தாறு பேர் உள்ள நடுத்தரக் கூடங்களோடு கூட்டுச் சேர்வது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கருவியும் சில்லும் அவர்கள் தருவார்கள், ஆட்டத்தை நாம் எழுத வேண்டும். எங்கள் முதலாளியின் காதுக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. அடுத்த வாரமே ரயிலேறிப் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார்.

அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். சென்னையிலிருந்து திரும்பிய அன்று எங்கள் மேசைகளுக்கு நடுவே இங்கும் அங்கும் நடந்தபடி அவர் சொன்னதை நான் அப்படியே நினைவு வைத்திருக்கிறேன்.

"நம்ம ஊர்ல தைக்கறது பூராவும் அடுத்தவன் லேபிள்லதான் போகுது அம்மிணி. ஒண்ணே ஒண்ணு நம்ம பேர்ல போகட்டுமுங்க. அது போதும்."

ஒப்பந்தமும் அவர் ஆசைக்கு ஏற்றாற்போல் இருந்தது. ஆட்டம் அவர்களுக்குப் பிடித்தால் தனிக் கேட்ரிட்ஜாக வெளிவரும். மேலே ஒட்டும் படத்திலும், டிவியில் தெரியும் முதல் திரையிலும் எங்கள் கூடத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்காக அவர் புதிய எம்ப்ராய்டரி வேலைகளைக் குறைத்துக்கொண்டார். தெரிந்தவர்கள், 'என்னுங்க, பொம்மை வியாபாரத்துல எறங்கிட்டீங்களாமா?' என்று கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பினார்.

நாங்கள் எழுதிய ஆட்டத்தில் ஒருவன் சைக்கிளின் பின்னால் பனியன் பண்டல்களை அடுக்கிக் கட்டிக்கொண்டு, ரயில் கிளம்புவதற்குள் கூட்ஸ் ஷெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குழி, மாடு, குறுக்கே வரும் மொபெட், சாயத்தண்ணீர் தேங்கிய சந்து எல்லாம் வழியில் வரும். மூன்றாவது கட்டத்தில் ரயில்வே கேட். எம்ப்ராய்டரி மெஷினைப் பார்த்துக்கொண்ட பாய்தான் எங்களுடைய முதல் ஆட்டக்காரர். எங்களைவிடப் பத்து வயது பெரியவர், எதையும் கேலி செய்யாமல் விடமாட்டார். மூடியிருக்கும் கேட்டுக்குள் சைக்கிள்காரன் ஆவி போல நுழைந்து அந்தப் பக்கம் வருவதைக் கண்டுபிடித்தவர் அவர்.

"ஏனுங்க அம்மிணி, உங்காளு பூட்டுன கேட்டுக்குள்ள பூந்து வர்றானே, ரயில்வேகாரனுக்குச் சொந்தக்காரனுங்களா?" என்று அவர் கேட்டதும் கூடமே சிரித்தது.

அந்தக் குறையோடுதான் ஆட்டத்தைச் சென்னைக்காரருக்குக் காட்டினோம். அவருக்குப் பிடித்துவிட்டது. 'நல்ல யோசனை, இப்படியே கொண்டு போங்க, நாலு மாசத்துல பார்க்கலாம்' என்றார். அப்போதுதான் அரக்கு வைத்தது நடந்தது. 'இப்படியே' என்ற சொல்லை இதே போக்கில் மேலும் வளர்த்துக்கொண்டு போங்கள் என்ற பொருளில் அவர் சொல்லியிருக்க, எங்கள் முதலாளியோ பனியன் தொழிலின் வழக்கப்படி எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. நான் எழுதிக்கொண்டு போயிருந்த திருத்தப் பட்டியலை அவர் வாங்கவே இல்லை.

"அப்ரூவல் ஆன சாம்பிள்ல ஒரு தையல் மாத்தக்கூடாதுங்க."

"இது துணி இல்லீங்களே. சரி பண்ணப் பண்ணத்தானுங்க நல்லா வரும்."

"நல்லா வரும்னு நெனச்சுத்தான் நானும் ஒருக்கா மாத்தினேன்" என்றார். அன்று மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இளவயதில் அவர் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில், பையர் கேட்டபடி சரக்கு தயாராகிறதா என்று பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருந்தவர். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளில் கழுத்துப்பட்டையின் நூல் சீக்கிரம் இற்றுப்போகும் என்று தெரிந்து, அதைவிட உயர்ந்த நூலைப் போடச் சொல்லியிருக்கிறார். நிறத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு வேறுபாடு. சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. வேலையை விட்டு அவரை அனுப்பியபோது, நூல் நல்ல நூல் என்பதை யாரும் மறுக்கவில்லையாம். இதைச் சொல்லி முடித்துவிட்டு எழுந்து மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டார். அந்த நான்கு மாதத்தில் அவர் செய்ததெல்லாம் அரக்கு வைக்கும் முன்பே எடுத்துவைத்த ஒரு பிரதியோடு எங்கள் நகல்களை ஒப்பிட்டுப் பார்த்து, எதுவும் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டதுதான்.

நான் பட்டியல் போட்டே வளர்ந்தவள். பட்டியலில் ஒரு வரி அடிக்கப்படாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்தத் தாளில் முப்பத்தொரு வரிகள் இருந்தன. ரயில்வே கேட்டில் மோதினால் பண்டல் சரிய வேண்டும். ஒரே வரிசையில் நாலைந்து மாடுகள் வந்தால் படம் துடிப்பதை நிறுத்த வேண்டும். மழைக் கட்டத்தில் பிரேக் பிடிக்கத் தாமதமாக வேண்டும். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் ஒவ்வொன்றாகச் செய்தேன். பழைய சில்லு ஒன்றைப் புற ஊதா விளக்கில் வைத்து அழித்து, அதிலேயே மறுபடி எழுதி, வேறொரு டப்பாவில் மாட்டிப் பார்த்தேன். பாய்க்கு மட்டும் தெரியும். சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்று, ஒரு கையால் உண்டு மறு கையால் விளையாடிப் பார்ப்பார். ஒருநாள் கேட்டில் மோதிப் பண்டல் சரிந்ததும், "இப்பத்தான் இவன் திருப்பூர்க்காரன்" என்றார். கடைசி வரியை அடித்த அன்று, முதல் திரையில் கூடத்தின் பெயரையும் அதன் கீழே எங்கள் ஆறு பேர் பெயரையும் போட்டேன். முதலாளியின் பெயர்தான் முதலில். அந்தக் கேட்ரிட்ஜைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். தக்க நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன். பத்தொன்பது நாட்கள் போயின. தக்க நேரத்துக்கு என்னிடம் பட்டியல் இல்லை.

சென்னைக்காரர் சொன்னபடி வந்தார். வருவதற்கு முன் முதலாளி எங்களை நிற்க வைத்து, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொன்னதையே மறுபடி சொன்னார்: "பையர் முன்னாடி ஒரே வாய்தான் பேசோணும்." பிறகு முத்திரையைச் சென்னைக்காரர் கண் முன்னாலேயே உடைத்து, பழைய கேட்ரிட்ஜையும் புதிய நகலையும் பக்கத்துப் பக்கத்து டிவியில் ஓடவிட்டார். இரண்டு சைக்கிள்காரர்களும் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகக் கேட்டுக்குள் நுழைந்து, ஒன்றாக வெளியே வந்தார்கள்.

"இதைத்தான் நான் அன்னிக்கே பார்த்தேனே சார்" என்றார் சென்னைக்காரர்.

"அதேதானுங்க! ஒரு புள்ளி மாறல." முதலாளியின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அதான் கேக்கறேன். நாலு மாசமா என்ன பண்ணீங்க?"

முதலாளிக்குக் கேள்வி புரியவில்லை. புரிந்தபோது அவர் நடையை நிறுத்தினார். சென்னைக்காரர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் உள்ள கூடங்கள் ஒவ்வொரு வாரமும் திருத்தி அனுப்புகின்றன, தனிக் கேட்ரிட்ஜுக்கு இருப்பது ஒரே இடம், இந்த நிலையில் இதை அங்கே வைக்க முடியாது என்றெல்லாம் நிதானமாகச் சொன்னார். பாய் டீ கொடுக்கிற சாக்கில் என் பக்கம் குனிந்து, "அம்மிணி, எடுங்க" என்றார். பை என் மடியில் இருந்தது. கைக்குட்டையின் முடிச்சை விரலால் உணர்ந்துகொண்டிருந்தேன். முதலாளி என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் எடுக்கலாம் என்று நினைத்தேன். இப்போது எடுத்தால் அவர் வேண்டாம் என்று சொன்னதை நான் மீறியது வெளியாகும். வெளியாள் முன்னால் அவர் தலை குனிவார். இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் சென்னைக்காரர் வேறொரு வழி சொன்னார். பெட்டி வாங்குபவர்களுக்கு இலவசமாகத் தரும் பல ஆட்டங்கள் சேர்ந்த கேட்ரிட்ஜில் இதையும் இப்படியே சேர்த்துக்கொள்ளலாம். அதில் எந்தக் கூடத்தின் பெயரும் வராது. ஆட்டத்தின் உரிமை முழுக்க அவர்களுக்கு. முதலாளி கையெழுத்துப் போட்டார். அவ்வளவு வேகமாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை. அந்த அறையைவிட்டு எப்படியாவது வெளியேற வேண்டும் என்பது போல இருந்தது.

மறுநாள் காலை அவர் அறைக்குப் போய்க் கேட்ரிட்ஜை மேசைமேல் வைத்தேன். எடுத்து டிவிப் பெட்டியில் செருகினார். முதல் திரையில் பெயர்கள் வந்தபோது பித்தானை அழுத்தாமல் வெகுநேரம் நின்றார். பிறகு நின்றபடியே கடைசிக் கட்டம் வரை விளையாடினார். மழையில் மூன்று முறை விழுந்தார்.

"எத்தன நாளா வச்சிருக்கறீங்க?"

"பத்தொம்பது நாளுங்க."

"நேத்தும் பையில இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். கண்ணாடிக்குள் அவர் முதலில் சத்தமாகப் பேசினார், பிறகு கெஞ்சினார், பிறகு 'சரிங்க, சரிங்க' என்று மட்டும் சொன்னார். தனிக் கேட்ரிட்ஜ் இடம் முந்தின நாள் மாலையே வேறொரு கூடத்துக்குப் போய்விட்டது. இந்த ஆட்டத்தை இனி எந்த உருவிலும் நாங்கள் யாருக்கும் தர முடியாது. வெளியே வந்து, பஸ் புகைக்கு நடுவே, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நீங்க பேசியிருந்தீங்கன்னா, வாயை மூடுங்கன்னு அங்கயே சத்தம் போட்டிருப்பேன் அம்மிணி." நாலு அடி நடந்தார். "ஆனாலும் நீங்க பேசியிருக்கோணும்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எம்ப்ராய்டரி வேலைகள் திரும்பி வந்தன. நான் இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டுக் கிளம்பினேன். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களில் முதலாவதைப் பிடித்துக்கொண்டால் எனக்கு விடுதலை, இரண்டாவதைப் பிடித்துக்கொண்டால் குற்றம். எதையும் முழுதாகப் பிடிக்க முடியாமல் நாட்கள் போகின்றன.

இப்போது நான் கோவையில் ஆட்டம் எழுதும் ஒரு கூடத்தில் இருக்கிறேன். என்கீழ் நான்கு பேர். போன மாதம் ஆட்டம் வாங்கும் ஒரு நிறுவனத்திலிருந்து ஆள் வந்திருந்தார். நான் ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்குப் பிறகு சேர்ந்த பெண், தாராபுரம் பக்கம் குண்டடத்துக்காரி, "மேடம், அது அப்படி இல்லீங்க" என்று குறுக்கே ஆரம்பித்தாள். என் கை தானாக உயர்ந்தது. அவளைப் பார்க்காமல், உள்ளங்கையைக் காட்டி, பேச்சை நிறுத்தச் சொல்லும் கை. அது என்னுடைய கை என்று தெரிவதற்கே எனக்குச் சில நொடிகள் ஆயின. சட்டென்று இறக்கி, அவள் பக்கம் திரும்பி, "சொல்லுங்க, என்ன சொல்ல வந்தீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க மேடம்" என்றாள்.

வந்தவர் போன பிறகும் கேட்டேன். மறுநாளும் கேட்டேன். ஒண்ணுமில்லீங்க என்றுதான் சொல்கிறாள்.