எல்லைக் கல் வரை மாடு இழுத்த கார்

டிரைவர் வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது லைசென்ஸைப் பற்றித்தான். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. என் முதல் நாளை எழுதிவிடுகிறேன், அதோடு என்னை விடுங்கள்.

அப்போது பாகூர் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, கடலூர் இங்கிலீஷ் ஆட்சி. பாகூர் பக்கத்தில் எங்கள் ஊரான செலியமேட்டின் பண்ணையார் கடலூர் வக்கீல் ஒருவரிடம் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். ஓட்டி வர என்னை அழைத்துப் போனார். என் அப்பா அவர் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர். நானும் அதே ஏரைப் பிடித்தவன்தான். பாண்டியில் ஒரு ஷெட்டில் இரண்டு வருஷம் கார் கழுவி, ஓட்டப் பழகி, முத்திரை குத்திய லைசென்ஸ் வாங்கியிருந்தேன்.

"காரு பத்திரமா வூடு வந்து சேந்தா நீதான் டிரைவரு. இல்லன்னா பழையபடி ஏரப் புடி" என்று பண்ணையார் கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

கடலூரைத் தாண்டி, எங்கள் எல்லைக் கல்லுக்கு இரண்டு மைல் இருக்கையில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். லைசென்ஸை நீட்டினேன்.

"இன்னாய்யா இது, பிரெஞ்சு காயிதம்? இங்க செல்லாது. எறங்கு."

"எல்லை கிட்டதான் சார். ரெண்டே மைலு."

"அந்த ரெண்டு மைலும் எங்க மைலுதான்."

பண்ணையார் என்னைப் பார்த்த பார்வையில் ஏர் தெரிந்தது. வாரா வாரம் அந்த எல்லையைத் தாண்டிச் சந்தைக்கு நடப்பவர்கள் நாங்கள். மனிதனிடமும் மாட்டிடமும் யாரும் காகிதம் கேட்டதில்லை. காருக்கு மட்டும் அந்தப் பக்கத்துக் காகிதம் தனியாகக் கேட்பார்கள் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பண்ணையார்தான் கேட்டார்: "ஏம்பா, மாட்டுக்கு லைசென்ஸ் வேணுமா?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "இன்ஜின நிறுத்திட்டு மாட்டக் கட்டி இழுத்துக்கினு போங்க. ஆனா இவன் உள்ள உக்காரக் கூடாது."

எங்கள் ஊர்ப் பக்கம் போன வண்டிக்காரரிடம் பண்ணைக்குச் சொல்லி அனுப்பினோம். மதியத்துக்கு மேல் ஒரு ஜோடி மாட்டோடு வந்தவர் என் அப்பா. காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கயிறு எங்கடா கட்டறது?" என்றார். முன் அச்சைக் காட்டினேன்.

கியரை நியூட்ரலில் போட்டேன். பண்ணையார் பின் சீட்டில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே நடந்தேன். முன்னால் அப்பா, முழங்கால் வரை சேற்றோடு. நடவிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார். வயலில் நின்றவர்கள், "மோட்டாருக்குப் புல்லு வெச்சீங்களா?" என்று கத்தினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. காரால் வந்த அவமானம் பாதி, அப்பாவால் வந்தது பாதி. மறைத்து என்ன ஆகப்போகிறது?

எல்லைக் கல்லருகே எங்கள் பக்கத்துக் காவல்காரர் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, "சரிங்க டிரைவர்" என்றார். 'ங்க' போட்டு என்னிடம் பேசிய முதல் உத்தியோகஸ்தர் அவர்தான். பிறகு முன்னால் கை காட்டினார்.

"மாட்டோட நிக்கிறது யாரு?"

"பண்ணையாளு" என்றேன்.

அப்பா கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு மீதி முடிச்சையும் அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். காருக்கு முன்னால் போய் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது.

"ஏறுடா. நீதான் டிரைவரு" என்றார் பண்ணையார்.

அப்பாவைத் தாண்டும்போது அவர் என்னைப் பார்த்து, "போய்ட்டு வாங்க டிரைவரே" என்றார். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். வீட்டிலும் கடைசி வரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்.

ஆறு மாதத்தில் கடலூரில் இங்கிலீஷ் லைசென்ஸும் எடுத்தேன். முப்பது வருஷம் ஓட்டி இடுப்பு போனதுதான் மிச்சம்.

பிள்ளைகளே, எந்த ஊரில் ஓட்டப் போகிறீர்களோ அந்த ஊர் லைசென்ஸை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். அது சுலபம். வேலை இடத்தில் உங்கள் அப்பா வந்து நிற்கும்போது யாரென்று எவராவது கேட்டால், அப்பா என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.