ஜெபா அக்காவின் முப்பத்தோராவது கார்டு

ஜெபா அக்கா இறந்துவிட்டார்.

காலையில் கௌசல்யா போன் செய்து சொன்னாள். காய்ச்சல் என்று ஊருக்குப் போனவர்... அங்கேயே ஆஸ்பத்திரியில்.

கேட்ட பிறகும் ஷிப்டுக்குப் போனேன். எப்போதும் போல ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றினேன். ரிஜெக்ட் எதுவும் வரவில்லை.

இதைப் படிக்கும் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஒரகடம் கம்பெனியில் எங்கள் லைனின் கடைசியில் நின்று, நாங்கள் சுற்றி முடித்த ஒயர்களைச் செக் செய்வார். ஊர் உடன்குடிப் பக்கம். கம்பெனி பஸ் போகும் வழியில், என் ஊருக்கு அடுத்த ஸ்டாப்பில் கௌசல்யாவோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். நான் வடக்குப்பட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரூமுக்குப் போவேன், கார்டு விளையாட.

ரம்மி இல்லை. மிருகம், பூதம், மந்திரம் எல்லாம் படம் போட்ட கார்டு. பாக்கெட்டில் வரும், பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அக்கா முன்பு சென்னையில் ஒரு பொம்மைக் கடையில் வேலை பார்த்தார். கடையை மூடும்போது விற்காத பாக்கெட்டுகளை ஓனர் இவரிடமே கொடுத்துவிட்டாராம்.

நாங்கள் விளையாடியது டிராஃப்ட். மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாக்கெட் பிரிப்போம். ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் தள்ள வேண்டும். அது தீர்ந்தால் அடுத்த பாக்கெட். எல்லாம் தீர்ந்ததும், கையில் சேர்ந்ததில் முப்பது கார்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கணும். அந்த முப்பதுதான் டெக். ஆடும்வரை யார் டெக்கையும் யாரும் பார்க்கக் கூடாது. ஆடி முடித்தால் எல்லாம் திரும்ப டப்பாவுக்கு.

புது பாக்கெட்டுகள் எப்போதோ தீர்ந்துவிட்டன. ஆனால் அக்கா கவர்களைத் தூக்கிப் போடவில்லை. டப்பாவைக் கலைத்து, கார்டுகளை மறுபடி அந்தக் கவர்களுக்குள் போட்டு, வாயை ஹேர் கிளிப்பால் மூடி வைப்பார். ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பிரிக்கிற மாதிரி...

முதல் தடவை நான் பெரிய பெரிய பூதமாகப் பார்த்து எடுத்தேன். பெரிய கார்டை இறக்க நிறையச் சுற்று காத்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை. கை நிறைய வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடி, கைல வெச்சினு கண்காட்சி நடத்துறியா?" என்றாள் கௌசல்யா.

பிறகு கழிக்கக் கற்றுக்கொண்டேன். அது ஒன்று எனக்கு நன்றாக வந்தது. பிளஸ் ஒன்னில் நின்றுவிட்டேன், நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் எந்தக் கார்டு வேண்டாம் என்று பார்த்தவுடன் தெரியும்.

அக்காவுக்கு அது வரவே வராது. கழிக்க உட்கார்ந்தால் டீ ஆறிவிடும். ஒன்றை எடுத்து வெளியே வைப்பார், திரும்ப உள்ளே வைப்பார்.

"பாவம், இதுவும் கெடந்துட்டுப் போட்டும்."

"இது இன்னா ஷேர் ஆட்டோவாக்கா? எல்லாரையும் ஏத்திக்கினு போறதுக்கு?" என்பாள் கௌசல்யா.

"ஒனக்கென்ன பிள்ள, ஒனக்கு ஈவு இரக்கம் கெடையாது."

அக்கா எனக்கு வலப்பக்கம் உட்காருவார். அவர் தள்ளுவது எனக்கு வரும். நான் பச்சை நிறக் கார்டு சேர்க்கிறேன் என்று தெரிந்தால் பச்சையை விட்டுவைத்துத் தள்ளுவார். கையிலிருந்து விட மனசே வராமல் மெதுவாக...

"கார்டு தர்றியா, பொண்ணு தர்றியாக்கா? சீக்கிரம் தள்ளு" என்பாள் கௌசல்யா.

நான் சிரிப்பேன். அவ்வளவுதான் என் பேச்சு.

போன ஞாயிறு டிராஃப்ட் மட்டும் முடித்தோம். கௌசல்யாவை ஓவர்டைமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆட்டம் அடுத்த ஞாயிறு என்று டெக்குகளை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வைத்தோம்.

புதன்கிழமை கம்பெனி பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. காய்ச்சல் என்று சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணு கூடுதலா இருக்கு பிள்ள. கழிக்கவே முடிய மாட்டேங்கு. நீ சொல்லு."

"காட்டக் கூடாதே..."

"காட்ட மாட்டேன், பேரும் சொல்ல மாட்டேன். ஒண்ணு பெரிசு. எறங்குனா ஆட்டம் முடிஞ்சிரும், ஆனா எறங்க நேரமாவும். இன்னொண்ணு சின்னது. மொதக் கையிலேயே எறக்கிரலாம், பெரிசா ஒண்ணும் செய்யாது. எதை வச்சிக்கிடட்டும்?"

எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் பின் சீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

"தெரியாதுக்கா."

"ஒனக்கா தெரியாது? சரி, ஞாயித்துக்கிழமை வந்து சொல்லு. நீ சொல்லுததைத்தான் செய்வேன்."

என் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

இன்று ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போனேன். கயிற்றில் அக்காவின் துண்டு காய்கிறது. தலையணைக்கு அடியில் டெக் இருந்தது. கௌசல்யா படம் தெரியாமல் கவிழ்த்து வைத்து எண்ணினாள்.

"முப்பத்தொண்ணு கீதுடி."

"ம்."

"டப்பால போட்டுடவா?"

"வேணாம்."

"பின்ன இன்னா பண்றது?"

திரும்ப ரப்பர் பேண்ட் போட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். கௌசல்யா டீ போட்டாள். மூன்று டம்ளரில் ஊற்றிவிட்டாள்.

அழுகை வரவில்லை. நாளைக்கும் ஷிப்ட் இருக்கிறது.

அக்கா, சின்னதை வெச்சுக்குங்க. பெரிசைக் கழிச்சுடுங்க.

போய்ட்டு வாங்க.