காலை ஐந்தரைக்கு டோனர் வகுப்பு

நிவாரண வேலை செய்பவர்களுக்கு இணையத்தில் வகுப்பெடுக்கிற தொழிலில், வெள்ளத்தைப் பற்றிக் கதைக்க ஐந்து நிமிடமும், வெள்ளத்துக்குப் பிறகு நிரப்பவேண்டிய படிவங்களைப் பற்றிக் கதைக்க ஐந்து மணித்தியாலமும் ஒதுக்கியிருப்பார்கள்.

காசு தருகிற வெளிநாட்டு நிறுவனத்தை நாங்கள் டோனர் என்போம். டோனருக்கு நிறைய விதிகள் உண்டு: பொருள் எப்படி வாங்குவது, போட்டோ எப்படி எடுப்பது, அறிக்கை எப்படி எழுதுவது. மன்னாரிலும் மட்டக்களப்பிலும் அந்தக் காசில் வேலை செய்கிற சின்னச் சின்ன அமைப்புகளின் ஆட்களுக்கு அந்த விதிகளைத் தமிழில் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நான் இருப்பது ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் தளத்தில். கிழமையில் மூன்று நாள் விடியக்காலை ஐந்தரைக்குக் குசினிக்குள் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறப்பேன். அங்கே அப்போது பின்னேரமாகியிருக்கும்.

நானும் முன்பு வவுனியா முகாம்களில் ஒன்பது வருடம் நிவாரண வேலையாக ஓடித்திரிந்தவள்தான். அதனால் இந்த வேலை எனக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்து என்னை எடுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்காக ஒரு கட்டாய ஒன்லைன் பயிற்சியாவது செய்து, 'அடுத்தது' என்ற பொத்தானை அமத்தி அமத்தி விரல் நொந்தவர் நீங்கள் என்றால், மிச்சத்தை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

வயல் அதிகாரி

சேர்ந்த முதற்கிழமை. பாடங்களைத் தமிழில் எழுதித் தரச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஆனால் எங்கள் அலுவலக மனேஜர் கெவின் எனக்குச் சிரமம் தரக்கூடாது என்று, முழுப் பாடத்தையும் ஒரே பின்னேரத்தில் கொம்பியூட்டரைக் கொண்டு மொழிபெயர்த்து முடித்திருந்தார். கெவின் நல்ல மனிசன். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு மென்பொருள் இருக்கும், அதுதான் பிரச்சினை. நான் அந்தப் பாடத்தை முதன்முதலில் பார்த்தது வகுப்பில், பதினேழு பேருக்கு முன்னால்.

கப்பாசிற்றி பில்டிங், அதாவது திறன் வளர்ப்பு என்று வரவேண்டிய இடத்தில் 'கொள்ளளவுக் கட்டடம்' என்று இருந்தது. திட்டம் முடிந்து நாங்கள் விலகிய பிறகு ஊர்ச்சனங்களே அதை எப்படித் தொடர்வது என்கிற பாடத்துக்கு 'வெளியேறும் வாசல்' என்று தலைப்பு. மட்டக்களப்பிலிருந்து சுகந்தி என்ற பிள்ளை, இது தீப்பிடித்தால் ஓடுவதைப் பற்றிய பாடமா என்று மரியாதையாகக் கேட்டாள். ஊர் ஊராகப் போய் வேலை செய்கிற ஃபீல்ட் ஒஃபிசர் எல்லோரும் வயல் அதிகாரிகள் ஆகியிருந்தார்கள். வயல் அதிகாரியின் கடமைகள் ஒன்பது. ஒன்பதையும் நான் வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார் கிரேசியன் அண்ணை. பேசாலையைச் சேர்ந்தவர், இருபத்தாறு வருடமாக நிவாரண வேலையில் இருப்பவர். கோயிலடி வேம்புக்குக் கீழேதான் சிக்னல் வரும் என்பதால் அங்கே மோட்டார்சைக்கிளை நிறுத்தி, போனைக் கைபிடியில் சாய்த்துவைத்துப் படிப்பார். அவர் மைக்கைத் திறந்து சொன்னார்:

"தங்கச்சி, பேசாலையிலை எங்களிட்டைக் கடல்தான் இருக்கு. வயலுக்கு நான் எங்கை போறது?"

நீங்கள் என்ன மிருகம்?

ஒவ்வொரு வகுப்பும் ஒரு சின்ன விளையாட்டோடு தொடங்கவேண்டும் என்பது கெவினின் உத்தரவு. ஆட்கள் கூச்சம் விட்டுக் கதைப்பார்களாம். அந்தக் கிழமைக்குரிய கேள்வி: உங்களை ஒரு மிருகமாக நினைத்தால், நீங்கள் என்ன மிருகம்? இதைத் தமிழில் கேட்டால் சண்டைக்கு இழுப்பது மாதிரி இருக்கும் என்று கெவினுக்கு எழுதினேன். ரொறன்ரோவில் எல்லோரும் ரசித்தார்கள் என்று பதில் வந்தது. அன்றைக்குப் பார்த்து அவரும் வகுப்பைக் கவனிக்க வந்து, திரையின் மூலையில் ஒரு கட்டத்துக்குள் சிரித்தபடி இருந்தார்.

கேட்டேன். வேறு வழி இல்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கமெராவை நிறுத்தினார்கள். ஒரு பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், தனக்கு நெட் சரியில்லை என்று எழுதிவிட்டுப் போயே போனார். கிரேசியன் அண்ணை மட்டும் என்னைக் கைவிடாமல், நன்றாக யோசித்து, ஒரு பதில் தந்தார்:

"வீட்டிலை மனிசியைக் கேட்டுச் சொல்லுறன், தங்கச்சி. அவவுக்குத்தான் சரியாத் தெரியும்."

லோகோவை மறைத்தவள்

டோனரின் லோகோ ஒவ்வொரு போட்டோவிலும் முழுசாகத் தெரியவேண்டும். அரைவாசி தெரிந்தால் அது போட்டோவே இல்லை. சுகந்தி வெள்ளத்தில் கெட்டுப்போன கிணறுகளை இறைத்துத் திருத்துகிற வேலையில் இருந்தாள். அவள் அனுப்பிய பன்னிரண்டு போட்டோவும் திரும்பி வந்தன. அது போதாதென்று, அதில் ஒன்றைப் 'பிழையான போட்டோ'வுக்கு உதாரணமாக வகுப்பில் காட்டும்படி எனக்குக் கட்டளை.

அந்தப் படத்தில் ஒரு பெண் வாளியை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் தளும்பிக் கையெல்லாம் வழிகிறது. யாரோ பக்கத்தில் பகிடி சொல்லியிருக்கவேண்டும், வாய்விட்டுச் சிரிக்கிறாள். இந்தத் தொழிலில் நான் பார்த்த படங்களில் அதைவிட நல்ல படம் கிடையாது. அவளுடைய தலை, கிணற்றுக்குப் பின்னால் நட்டிருந்த பலகையின் லோகோவை மறைத்திருந்தது. அதனால் பிழை என்று நானே என் வாயால் சொன்னேன். சொல்லி முடித்தபிறகு ஆற்றாமையாக இருந்தது.

சுகந்தி மறுபடியும் ஸ்கூட்டியில் அந்த ஊருக்குப் போனாள். அதே பெண்ணைக் கண்டு, கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா, பின்னால் இருக்கிற பலகை தெரியவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் வாளியைக் கிணற்றுக்கட்டின்மேல் வைத்துவிட்டுக் கேட்டதை சுகந்தி அப்படியே வகுப்பில் சொன்னாள்:

"நான் தள்ளி நிண்டா வெறுங்கிணறுதானே தெரியும். உதவி செஞ்சது கிணத்துக்கா, எனக்கா?"

ஒன்பதாம் தளத்தில் ஒரு சந்தேகம்

எங்கள் கட்டடத்துச் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டில் திரேசா அன்ரி தனியாக இருக்கிறா. பகல் ஷிப்டுக்குப் போகிறவ. ஒருநாள் எலிவேற்றரில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, வீட்டில் எல்லாம் சுகமா என்று மிகவும் கவலையாக விசாரித்தா. சுகம் என்றேன். டொக்டரிடம் காட்டினதா என்று கேட்டா. யாரை என்று எனக்கு விளங்கவில்லை. கீழே வரும்வரை இருவரும் மாறிமாறிக் குழம்பினோம். கதவு திறந்ததும் அன்ரி குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"விடியக்காலையிலை 'கேக்குதா, இப்ப கேக்குதா' எண்டு கத்திறீர், பிள்ளை. காது கேக்காத ஆரோ உம்மோடை இருக்கினமாக்கும் எண்டெல்லோ நான் செபிச்சுக்கொண்டு இருக்கிறன்."

கேள்வி பதினான்கு

பயிற்சியின் முடிவில் ஒரு சோதனை. மூன்று தரம் எழுதலாம். மூன்றிலும் தவறினால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவரை அந்தத் திட்டத்தில் வைத்திருக்க முடியாது என்பது டோனரின் விதி. சுகந்தி இரண்டு தரம் பெயில். பார்த்தால் மற்றக் கேள்வி எல்லாம் சரி, பதினான்காவது மட்டும் பிழை. ஆனால் அது கட்டாயக் கேள்வி. அது பிழைத்தால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

கேள்வி இதுதான்: வெள்ளத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உடனடியாகத் தார்ப்பாய் தேவை. நீங்கள் முதலில் செய்வது என்ன? மூன்று கடைகளில் எழுத்தில் விலை கேட்பது என்பதே சரியான விடை. திறந்திருக்கும் கடையில் உடனே வாங்கிவிட்டுப் பிறகு காரணத்தை எழுதிக் கொடுப்பது என்பதை சுகந்தி இரண்டு தரமும் தெரிவு செய்திருந்தாள். கை தவறியிருக்கும் என்று நினைத்து வட்ஸ்அப்பில் அழைத்தேன்.

கை தவறவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய பகுதியில் வெள்ளம் வந்தபோது, நாற்பது குடும்பங்கள் ஒரு பாடசாலையில் இருந்திருக்கின்றன. கூரை ஒழுக்கு. தார்ப்பாய் விற்கிற கடை அந்தச் சந்தியில் மூன்றுதான், இரண்டு கடை தண்ணீருக்குள். மூன்றாவது கடைக்காரர் வள்ளத்தில் வந்து கடையைத் திறந்து கொடுத்திருக்கிறார். இருந்த தார்ப்பாய் முழுவதையும் அன்றே எடுத்துக் கட்டியிருக்கிறாள். ஒரு மாதம் கழித்து, இதே டோனரின் விதிப்படி மூன்று கடையில் விலை கேட்கவில்லை என்று அவளுடைய அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறது. அது இன்னும் அவளுடைய அலுவலகக் கோவையில் இருக்கிறது.

நான் சமாதானம் சொன்னேன். இது வெறும் கிளிக், பிள்ளை, யாரும் பார்க்கப்போவதில்லை, மூன்று கடை என்கிற விடையை அமத்திவிட்டுச் சான்றிதழை எடும் என்றேன். முகாமில் இருந்த காலத்தில் யாராவது எனக்கு இப்படிச் சொல்லியிருந்தால் அவரோடு பிறகு கதைத்திருக்கமாட்டேன். சுகந்தி கோபிக்கவில்லை.

"நான் செஞ்சது பிழை எண்டு அவங்க கடிதம் தந்திட்டாங்க, மிஸ். இப்ப என்ட கையாலயும் அத எழுதச் சொல்றீங்களா?"

அன்று வகுப்பு முடிந்ததும் டோனரின் விதிப் புத்தகத்தை எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அரைவாசிக்கு அப்பால் நான் அதை வாசித்ததே இல்லை. கடைசி இணைப்பில், யாரும் போகாத மூலையில், ஒரு பந்தி இருந்தது. உயிராபத்தான அவசரத்தில் ஒரே கடையில் வாங்கலாம், காரணத்தைப் பிறகு எழுதிக் கொடுத்தால் போதும். சுகந்தி செய்ததும் எழுதியதும் வரிக்கு வரி சரி. பிழை கேள்வியில்.

கெவினுக்கு எழுதினேன். உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு கேள்வியை மாற்றுவதற்கு ஒரு படிவம், அதில் மூன்று பேரின் ஒப்பம், அதில் ஒருவர் லீவு. சுகந்தி மூன்றாம் தரம் எழுதுவதற்கான தவணை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. திகதியைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். அதற்கு வேறு படிவம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸும் சப்வேயும் எடுத்து டவுன்ரவுன் அலுவலகத்துக்கே போய், அந்தப் பக்கத்தைக் கெவினின் மேசையில் வைத்து, உரத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். இந்தக் கேள்வியை எழுதிய ஆள் யார் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தான்தான் என்றார். வேலைக்கு வந்த முதல் மாதம், விதிப் புத்தகத்தைத் திறக்காமல், பழைய பாடம் ஒன்றைப் பார்த்து எழுதியதாம்.

அதற்குப் பிறகு அவர் செய்ததையும் சொல்லவேண்டும். ஒப்பம் வைக்கிற மூவரையும் அவரே போனில் பிடித்தார், லீவில் ஏதோ ஏரிக்கரையில் இருந்தவர் உட்பட. வியாழக்கிழமை கேள்வி திருத்தப்பட்டது. சுகந்தியின் அமைப்புக்கும் அந்த இணைப்பை மேற்கோள் காட்டித் தன் பெயரில் ஒரு கடிதம் எழுதினார். எச்சரிக்கைக் கடிதம் கோவையிலிருந்து எடுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை சோதனை முடிந்ததும், பாஸ் பண்ணிவிட்டீர் என்று சொல்ல நான் அழைத்தேன். சுகந்தி சிரித்தாள்.

"மூண்டு தரமும் நான் ஒரே விடையத்தான் போட்டன், மிஸ். பாஸ் பண்ணினது நான் இல்ல, உங்கட கேள்விதான்."

வராதவர்களுக்கு நான்கு காரணம்

வகுப்புக்கு வராத ஒவ்வொருவருக்கும் நான் கணினியில் ஒரு காரணம் பதியவேண்டும். பட்டியலில் நான்கு காரணம் உண்டு: சுகயீனம், விடுமுறை, இணையக் கோளாறு, ஆர்வமின்மை. ஐந்தாவதை எழுத இடம் கிடையாது.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. மன்னார் ஆட்களுக்கு மட்டுமான வகுப்பு. திறந்துவைத்துக் காத்திருந்தேன். பத்து நிமிடம் ஆயிற்று, ஒருவரையும் காணோம். வெளியே உறைபனி, நான் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு தனியே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலை நேரத்து நித்திரையைத் துறந்து வந்தால் இப்படியா என்று கொதித்தது. முதற்பெயரில் தொடங்கி எல்லோருக்கும் 'ஆர்வமின்மை' என்று அமத்துவதற்குக் கையைக் கொண்டுபோனேன்.

அப்போது கிரேசியன் அண்ணையின் கட்டம் தெரிந்தது. வேம்பு இல்லை, மோட்டார்சைக்கிள் இல்லை, சிக்னல் கிடைத்த வேறு ஏதோ இடம். காற்றின் இரைச்சல், சாய்ந்தடிக்கிற மழை, பின்னால் ஒரு உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் பெண்களும் பிள்ளைகளும். கடற்கரைக் குடும்பங்களைப் பாடசாலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பு ஆட்கள் இரண்டு பேரை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் அடையாளம் கண்டேன். மற்றவர்கள் அடுத்த ஊரில் நிற்பதாகச் சொன்னார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லாமல் அந்தப் புயல் கடந்துபோனதை மறுநாள்தான் அறிந்தேன். அன்றைக்கு அந்த மனிசன் அந்த மழைக்குள் போனை எடுத்து அழைத்தது, நான் காத்துக்கொண்டிருப்பேன் என்பதற்காக மட்டும்:

"இண்டைக்கு ஒருதரும் வகுப்புக்கு வரமாட்டினம், தங்கச்சி. எங்களுக்கு வேலை வந்திட்டுது."

உதவி செய்யத் தெரிந்தவர்களுக்கு, உதவி செய்ததை நிரூபிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துத்தான் நான் சீவிக்கிறேன்.