ஈப்போவில் எனக்கென்று ஓர் அறை

பட்டாசு காயவைக்கிற ஊரில் பிறந்துவிட்டு மழையை விரும்புவது கொஞ்சம் துரோகம்தான். சிவகாசியில் மேகம் கறுத்தாலே பெரியவர்கள் வானத்தைத் திட்டுவார்கள். மலேசியாவில், அத்தை வாழ்ந்த ஈப்போவிலோ, பெரும்பாலும் தினமும் சாயங்காலம் மழை கொட்டும். யாரும் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதற்காகவே அந்த நாடு எனக்குப் பிடித்துப்போனது.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணம் முடிந்து அங்கே போனவர்; அவருக்குக் குழந்தை இல்லை. அப்பாவின் அச்சகத்தில் காலண்டர் வேலை ஓய்ந்திருக்கும் மே மாதங்களில், அப்பாவும் அம்மாவும் என்னை மட்டும் ஈப்போவுக்கு அழைத்துப் போவார்கள். அக்காக்கள் இருவரும் எம். புதுப்பட்டியில் சித்தி வீட்டில் இருப்பார்கள். கடைக்குட்டிக்குச் சலுகை என்று நினைத்துக்கொண்டேன். அதை அக்காக்களிடம் சொல்லிக் கிள்ளும் வாங்கினேன்.

அத்தை வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருந்தது. முதல் முறை போனபோது அதில் வெறும் மெத்தைதான். அடுத்த முறை கட்டில் வந்திருந்தது. பிறகு மஞ்சள் திரைச்சீலை, எழுதுமேசை. காலையில் அத்தை, ரொட்டி சானாய் என்று அங்கே சொல்கிற பரோட்டாவைப் பிய்த்து ஊட்டிவிடுவார். மாலையில் இருவரும் மழையில் நனைவோம். அம்மா வாசலில் துண்டோடு நிற்பார்.

எனக்கு ஏழு வயதானபோது போன பயணத்தில், அலமாரியைத் திறந்தால் வெள்ளைச் சட்டையும் நீலப் பினபோரும் தொங்கின. அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சீருடை. அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. போட்டுக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

"எம்புட்டு அழகா இருக்கு பாரு!" என்று அத்தை கைதட்டினார்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மதினி, அன்னைக்கு நீங்க கேட்டப்ப சரின்னு தலையாட்டிட்டேன். இப்ப மனசு வரலை. கோவிச்சுக்கிடாதீக."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கேட்காமல் உடுப்பைப் போட்டதற்குத்தான் அம்மா மன்னிப்புக் கேட்கிறார் என்று எண்ணி, அவசரமாகக் கழற்றி மடித்து வைத்தேன்.

அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. அன்றும் என்னை மழைக்குள் கூட்டிப் போனார். என்னைவிட அதிக நேரம் அவர்தான் நனைந்தார்.

அதன்பின் நாங்கள் ஈப்போவுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், அச்சகத்தில் ஆர்டர் அதிகம் என்பார் அப்பா.

அந்தக் கடைசி முறை விமான நிலையத்தில் அத்தையைச் சமாதானப்படுத்த நினைத்து, "அடுத்த வருசம் வந்து அந்த உடுப்பைப் போட்டுக்கிறேன் அத்தை" என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தடவினார். "அதுக்குள்ள நீ வளந்துருவ தாயி."

"அப்ப பெருசா ஒண்ணு தைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு, கையாட்டியபடியே உள்ளே போனேன்.