பெய்ரூட்டில் அக்கா சேர்ந்த சங்கம்

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு, அக்கா லெபனானில் வீட்டுவேலை பார்த்தார் என்பது மட்டுமே தெரியும். மற்றதையும் தெரிவிக்க வேண்டியது தம்பியாகிய என் கடமை.

ஆய்க்குடியில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். திருமண வாழ்க்கை நிலைக்கவில்லை. அதைப் பற்றிப் பேச அக்கா விரும்பியதில்லை, நானும் எழுதவில்லை. வெளிநாடு போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் எல்லோரும் தடுத்தோம். போய்விட்டார்.

பெய்ரூட்டில் முதல் வீட்டில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தெருவுக்குக்கூட விடவில்லை. அங்கிருந்து மாறிப் போன இரண்டாவது வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த ஓர் அம்மாளைக் கவனிக்கும் வேலை. அவருக்குப் பேச்சுத்துணையாக இருந்து இருந்தே அக்காவுக்கு அரபி வந்தது. வார விடுமுறையும் கிடைத்தது. அந்த விடுமுறையில்தான் சங்கத்துக்குப் போகத் தொடங்கினார்.

எத்தியோப்பியா, இலங்கை, நேபாளம் என்று பல நாடுகளிலிருந்து வீட்டுவேலைக்கு வந்த பெண்களே சேர்ந்து நடத்திய சங்கம் அது. சம்பளம் கிடைக்காதவளுக்காக முதலாளியிடம் பேசுவார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவளைப் போய்ப் பார்ப்பார்கள். தமிழ் பேசும் பெண்களுக்கு அக்காதான் மொழிபெயர்ப்பாளர்.

“சங்கம்னா என்னட்டி, கட்சியா?” என்று அம்மா ஒருமுறை போனில் கேட்டார்.

“கட்சி இல்லம்மா. ஒருத்திக்கு ஒண்ணுன்னா கேக்க அங்கன யாரும் இல்ல. நாங்க கேக்குதோம். அம்புட்டுதான்.”

போர் வந்தது. டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டு நான் போன் செய்தேன்.

“நாளைக்கே கிளம்பி வாக்கா. டிவியில பாக்கவே பயமா இருக்கு.”

“வாரேன்லே. ராயகிரிப் பிள்ளை ஒண்ண வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு வீட்டுக்காரங்க ஊரை விட்டுப் போயிட்டாங்க. அவள வெளிய எடுக்காம எப்படி வருவேன்?”

அந்தப் பெண் செல்வி, எங்கள் பக்கத்து ராயகிரி ஊர்க்காரர். குண்டு விழும் பகுதியில் நான்காவது மாடியில் அடைபட்டிருந்தார். அக்கா போனில் கேட்டதற்கு வீட்டுக்காரர், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாராம். அக்கா சத்தம் போடவில்லை. “வீட்டைப் பாக்கத்தான் விட்டீங்கன்னா சாவியை அவ கையிலல்லா கொடுத்திருக்கணும்? அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க பேரைத்தான் சொல்லுவோம்” என்று அரபியில் சொன்னதாக என்னிடம் பிறகு சொன்னார். கடைசியில் வீட்டுக்காரர் மனமிறங்கி, காவலாளியிடம் இருந்த மாற்றுச்சாவியால் கதவைத் திறக்கச் சொன்னார். அக்காவும் ஓர் எத்தியோப்பியப் பெண்ணும் டாக்ஸியில் போய்ச் செல்வியை அழைத்து வந்தார்கள்.

அக்கா அந்த டிக்கெட்டில் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்கள் சங்கத்து அறையில் வந்து தங்க, அவர்களுக்குச் சமைத்துப் போட்டார். சோறும் பருப்பும்தான். காரம் பற்றவில்லை என்று எத்தியோப்பியப் பெண்கள் குறை சொல்வார்களாம். செல்வியின் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே இருவரும் சேர்ந்து ஊர் திரும்பினார்கள். அப்போது குற்றாலத்தில் சீசன். மறுநாளே ஐந்தருவிக்குப் போக வேண்டும் என்றார், அழைத்துப் போனேன். வெகுநேரம் குளித்தார்.

தென்காசியில் எங்களோடு இருந்த காலத்திலும் போன் ஓயவில்லை. புதிதாக வெளிநாடு போகும் பெண்கள் வீடு தேடி வந்து விவரம் கேட்டார்கள். போக வேண்டாம் என்று யாரையும் அக்கா தடுத்ததில்லை. பாஸ்போர்ட் நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார்.

பிறகு புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் போனில் அரபியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். “போதும்க்கா, படு” என்றால், “அவ பேசட்டும்லே, அழுதுக்கிட்டு இருக்கா” என்பார். செல்வி ராயகிரியிலிருந்து வந்து கடைசிவரை உடனிருந்தார். பெற்ற மகள் இருந்திருந்தால் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த ஆய்க்குடி சொந்தங்களுக்கும், தென்காசித் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்விக்கு நன்றி என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார்.

பெய்ரூட் சங்கத்துப் பெண்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர்களில் பலரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர்களால் இதை வாசிக்கவும் முடியாது. செல்வி போனில் அவர்களைக் கூப்பிட்டு, இதை வரிவரியாக, அங்கே கற்ற அரபியில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.