எண்பது வயதுக்கு ஒரு டோக்கன்

எங்கள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். காரைக்காலில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். அதற்கு வருடா வருடம், தான் இன்னும் உயிரோடு இருப்பதாக முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். மற்ற வீடுகளில் எண்பது முடிந்தால் சதாபிஷேகம், எங்கள் வீட்டில் சான்றிதழ்.

செல்போன் எல்லோர் சட்டைப்பையிலும் ஏறத் தொடங்கியிருந்த காலம். ஊர்ச் சங்கம் ஒன்று கல்யாண மண்டபத்தில் ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு இலவச ரத்தப் பரிசோதனை வைத்தது. நான் லேப் டெக்னீஷியன், ரத்தம் எடுக்கப் போயிருந்தேன். ஐம்பது பேருக்குத்தான் வசதி. டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "அம்பதுலேர்ந்து எழுபது வயசு வரைக்கும் எடுங்க. அதுக்கு மேல பாத்து பிரயோசனம் இல்ல. அவங்களுக்கு இந்த நோய் மெதுவாத்தான் வளரும்."

சங்கத் தலைவர் இதை மைக்கில் சொன்னார்: "எழுபதுக்கு மேல உள்ளவங்களுக்குத் தேவையில்லைங்க."

முத்திரை அடிக்கும் இடம் எதுவானாலும் விடிவதற்குள் வந்து நிற்பது சொல்தாக்களின் பழக்கம். அன்றும் வரிசையின் முன்பாதி அவர்கள்தான். மண்டபம் கிடுகிடுத்தது. முதலில் பாய்ந்தவர் எங்கள் அப்பா.

"அப்ப நாங்கள்லாம் செத்தவங்களா? ரத்தம் எடுக்கலன்னு எழுதினா அது பிரான்சுக்குப் போகாதா?"

"போகாதுப்பா. இது வேற."

"நீ சும்மா இரு. எல்லா பேப்பரும் ஒருநாள் அங்கதான் போகும்."

தலைவருக்கு வேர்த்துவிட்டது. மூத்தவர்களுக்கே முதல் டோக்கன் என்று அறிவித்துத் தப்பித்தார். மரியாதை என்று வந்துவிட்டால் நமக்குப் பிரயோசனம் எல்லாம் மறந்துவிடும். சண்டை போட்டதில் அப்பா மட்டும் வரிசையின் கடைசிக்குப் போயிருந்தார். நாற்பத்தொன்பது ஊசி குத்தி முடித்தேன். அதில் முக்கால்வாசி சொல்தா ரத்தம்.

அப்போதுதான் காரைக்கால்மேட்டிலிருந்து மீன் ஏலம் விடுகிறவர் வந்தார். எங்களுக்கு வருடக்கணக்கில் பழக்கம். ஐம்பத்தாறு வயது. கையில் செதில் ஒட்டியிருந்தது.

"தம்பி, சீட்டு இருக்கா? எங்க அண்ணன் இந்த நோவுலதான போச்சு. பயமா இருக்கு."

கடைசி டோக்கன் என் மேசையில் கிடந்தது. அப்பா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நின்றார். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்பாவை எதிர்க்கத் தைரியம் இல்லை.

"அடுத்த கேம்ப்ல மொத ஆளா எடுத்துர்றேண்ணே."

"அட, பெரியவருக்கே எடுங்க தம்பி" என்று சிரித்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பரிசோதனையில் அப்பாவுக்கு அளவு கொஞ்சம் கூடுதலாக வந்தது. இந்த வயதில் விட்டுவிடலாம் என்றார் டாக்டர். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் உறை போட்டுச் சான்றிதழ்களோடு வைத்துக்கொண்டார். சங்கத்தின் ஆண்டறிக்கை, ஐம்பது பேர் பயனடைந்தார்கள் என்றது.

அடுத்த கேம்புக்கு முதல் டோக்கனை எடுத்துக்கொண்டு ஏலக்காரர் வீட்டுக்குப் போனேன். படுத்திருந்தார். நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. மழைக்கு முன் இறந்துவிட்டார். அன்றைக்கே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அந்த வருடச் சான்றிதழுக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். வரிசையில் நிற்கும்போது ரத்த ரிப்போர்ட்டை உருவி என்னிடம் நீட்டினார்.

"இது அவனுக்கு வந்திருக்கணும்."

"ஆமாப்பா" என்றேன்.

ஒவ்வொரு வருடமும் நெஞ்சை நிமிர்த்தி அதிகாரிக்கு சல்யூட் அடிப்பவர், அன்று குனிந்த தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.