மஹீன் வாங்கிய படகு

தாம்பரத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் மஹீனுக்கு அக்டோபர் பிறந்தாலே வெள்ளப் பயம் வந்துவிடும். பத்து வருடங்களுக்கு முன் முடிச்சூர் வீட்டுக்குள் மார்பளவு வெள்ளம் ஏறியபோது, கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நான்கு மணி நேரம் நின்றவர் அவர். மீட்புப் படகு தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. இனி யாரை நம்புவது? இந்த வருடம் சொந்தமாகவே ஒரு படகு வாங்கக் கிளம்பினார்.

ஃபைபர் படகின் விலைக்குப் பழைய கார் ஒன்றே வாங்கிவிடலாம். காற்றடிக்கும் ரப்பர் படகுதான் கட்டுப்படியானது. கடையில் அதன் ஒட்டுகளை ஒன்றுவிடாமல் நகத்தால் நெருடிப் பார்த்தார். ஐந்து பேரைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் மூன்று முறை கேட்டார்.

“கால் பம்ப் வேணுமா, கரண்ட் பம்ப் வேணுமா சார்? ரெண்டும் ஒரே ரேட்டுதான். கால்ல மிதிச்சா அரை மணி நேரம் ஆவும். கரண்ட்ல அஞ்சே நிமிஷம்.”

தண்ணீர் எத்தனை வேகமாக ஏறும் என்பது மஹீனுக்குத் தெரியும். கரண்ட் பம்ப்பையே வாங்கினார்.

ஞாயிறு மதியம் ஹாலில் படகை விரித்து பம்ப்பைப் போட்டுப் பார்த்தார். வெளியே மழை வலுத்தது. படகு பாதி உப்பியிருந்தபோது மின்விசிறி நின்றது. பம்ப்பும் நின்றது.

“என்னங்க, தண்ணி ஏறுனா மொதல்ல கரண்ட்டத்தானே நிறுத்துவாங்க?” என்றாள் மனைவி ஜஹீரா.

மஹீன் பம்ப்பின் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, படகில் வாய் வைத்து ஊத ஆரம்பித்தார். வாசலில் தண்ணீர் முதல் படியைத் தொட்டிருந்தது.